வியர்வை காய்கிறதா? வளைகுடாக் கோடையில் உடம்பைக் காப்பது

ஷார்ஜாவில் நான் குடியிருந்த பழைய கட்டடத்தில், மே மாதக் கடைசியில் எல்லா வீட்டிலும் கீசர் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேராக வரும் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கை பொசுங்கும். கீசரோ குளியலறைக் கூரைக்கு அடியில், ஏசி குளிர்ச்சி கொஞ்சம் எட்டும் இடத்தில் இருக்கும். ஒரு ராத்திரி அதற்குள் கிடந்த தண்ணீர்தான் உடம்பு தாங்கும் பதத்துக்கு வரும். ஆக, கோடை முழுக்கச் சிவப்புப் புள்ளிக் குழாயில் ஆறிய தண்ணீர், நீலப் புள்ளிக் குழாயில் வெந்நீர். ஊரிலிருந்து புதிதாக வருகிறவருக்கு ரூமில் முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவோம்.

ஆனால் அந்த வெயிலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை யாரும் அப்படிச் சொல்லிக்கொடுப்பதில்லை. "தண்ணி நெறைய குடி, தலையில துண்டு போட்டுக்க" என்பதோடு பாடம் முடிந்துவிடும். அந்த இரண்டும் சரிதான், ஆனால் போதாது. ஜூலையில் உடம்பைக் காப்பாற்றும் பழக்கம் ஆகஸ்டில் கைவிட்டுவிடும். இரண்டு மாதத்து வெயிலும் ஒரே மாதிரி ஆளை வீழ்த்துவதில்லை.

வளைகுடாவில் கோடையே இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஜூனிலும் ஜூலையிலும் வடமேற்கிலிருந்து 'ஷமால்' வீசும். ஈரமே இல்லாத, மணலை அள்ளிக்கொண்டு வரும் காற்று. வெப்பமானி உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் இப்போதுதான். குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி பதிவானது. உலக வானிலை அமைப்பு சரிபார்த்து ஏற்றுக்கொண்ட அளவு அது. அப்புறம் ஆகஸ்ட் வரும். பாரசீக வளைகுடா ஆழமில்லாத கடல், சராசரி ஆழம் 35 மீட்டர் அளவுதான். அதனால் சீக்கிரம் சூடேறிவிடும். ஆகஸ்டில் கடல்நீரே 34, 35 டிகிரிக்கு வந்துவிடும். அந்தக் கடல்மேல் படிந்து வரும் காற்றில் ஈரம் ததும்பும். வெப்பமானி 40 என்றோ 41 என்றோ காட்டும். ஜூலையைவிடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் ரூமை விட்டு வெளியே காலெடுத்து வைத்ததும் மூக்குக்கண்ணாடி பனி மூடிக் கண் தெரியாமல் போகும். காலை ஆறு மணிக்குப் பஸ்ஸுக்கு நிற்கையிலேயே சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்.

தமிழில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. முதலாவது காந்தல், இரண்டாவது புழுக்கம். இரண்டில் எதைக் கண்டு அதிகம் பயப்பட வேண்டும் என்று கேட்டால், நான் புழுக்கத்தைத்தான் சொல்வேன்.

காரணத்தை வீட்டு மண்பானையே காட்டும். பானையின் நுண்துளை வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, அதனால் தண்ணீர் குளிர்கிறது. காய்ந்த காற்று அடிக்கும் நாளில் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். மழைக்கு முந்திய புழுக்க நாளில் அதே பானை, அதே தண்ணீர், குளிர்ச்சி மட்டும் இருக்காது. நம் உடம்பும் இப்படித்தான். தோலின் சூடு 35 டிகிரி சுமார். வெளிக்காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் உடம்பின் சூடு தானாகக் காற்றுக்குப் போய்விடும். காற்று 42 டிகிரியில் இருந்தால் சூடு எதிர்த்திசையில், காற்றிலிருந்து உடம்புக்குள் வரும். அப்போது மிஞ்சும் ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச்செல்லும். ஆவியாகாமல் சொட்டித் தரையில் விழுந்த வியர்வையால் ஒரு பலனும் இல்லை. தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

இதை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றோட்டத்தில் வைப்பார்கள். துணியின் ஈரம் எவ்வளவு வேகமாக ஆவியாகிறதோ அவ்வளவுக்கு அளவு இறங்கும். இதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். காற்று 45 டிகிரி, ஈரப்பதம் 10 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் சுமார் 21தான். காற்று 38 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் அது 32க்கு ஏறிவிடும். செல்போனில் 45ஐப் பார்த்து மிரள்கிறோம், 38ஐப் பார்த்துப் பரவாயில்லை என்கிறோம். உடம்பின் கணக்கு நேர்மாறாக இருக்கிறது. ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தொட்டு மணிக்கணக்கில் நீடித்தால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான மனிதனும் தாங்கமாட்டான் என்பது 2010 முதல் அறிவியலாளர்கள் சொல்லிவரும் எல்லை. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்துச் சோதித்து 2022இல் வெளியிட்ட முடிவு அந்த எல்லையை இன்னும் கீழே இறக்கியது. ஈரமான சூட்டில், லேசான வேலை செய்யும்போதே, 31 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே அவர்கள் உடம்புச் சூடு கட்டுக்கு அடங்காமல் ஏறத் தொடங்கியது. கம்பி கட்டுகிறவரும் கான்கிரீட் போடுகிறவரும் செய்வது லேசான வேலை இல்லையே.

ஆகவே வெளியே இறங்குமுன் பார்க்க வேண்டியது வெப்பநிலையோடு ஈரப்பதமும். அதைவிடச் சுலபமான சோதனை நம் தோலிலேயே இருக்கிறது. முன்கையைத் துடைத்துவிட்டு நிழலில் சற்று நில்லுங்கள். வியர்வை காய்கிறதா, வழிகிறதா? காய்ந்தால் நிழலும் காற்றும் தண்ணீரும் காப்பாற்றும். வழிந்தால் அவை மட்டும் போதாது. வேலையைக் குறைக்க வேண்டும், அல்லது ஏசி உள்ள இடத்துக்குப் போக வேண்டும்.

மின்விசிறி விஷயத்திலும் கவனம் வேண்டும். காற்று 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் விசிறி உடம்பைச் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. உலர்ந்த அனலில் விசிறி மட்டும் போட்டுக்கொள்வது அடுப்பை ஊதுவது மாதிரி. சட்டையை நனைத்துக்கொண்டு விசிறிமுன் உட்கார்ந்தால் கதை வேறு. தண்ணீர் ஊற்றிவைக்கும் ஏர் கூலரும் ஜூலைக்குத்தான் ஆகும், ஆகஸ்ட் புழுக்கத்தில் அது அறையை இன்னும் நசநசக்க வைக்கும்.

அதற்காகக் காந்தலைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. அது ஏமாற்றிக் கொல்லும். காய்ந்த காற்றில் வியர்வை வந்ததும் போய்விடுவதால், உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் போனது என்றே தெரியாது. சட்டையில் வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருப்பதைச் சாயங்காலம் பார்த்தால்தான் தெரியும். 2024 ஜூன் ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 சதவீதம் பேர் முறையான அனுமதி இல்லாமல் வந்தவர்கள். அனுமதி இல்லாததால் ஏசி கூடாரமும் பஸ்ஸும் அவர்களுக்கு இல்லை. நேர் வெயிலில், நிழலுக்கு வழியில்லாமல், நெடுந்தூரம் நடந்தார்கள். வெயிலில் தப்பிப்பது அறிவு மட்டும் சம்பந்தப்பட்டதில்லை. ஒதுங்க ஓர் இடம் இருக்கிறதா என்பதும் அதில் இருக்கிறது.

தண்ணீருக்கு வருவோம். தாகம் எடுத்தபின் குடிக்கலாம் என்று இருந்தால் தாமதமாகிவிடும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எட்வர்ட் அடால்ஃப் என்ற உடலியலாளர் கலிபோர்னியப் பாலைவனத்தில் படைவீரர்களை வைத்து ஆராய்ந்தார். பக்கத்திலேயே தண்ணீர் இருந்தும், மனிதர்கள் தங்கள் விருப்பப்படி குடித்தால் இழந்ததில் ஒரு பங்கைத்தான் ஈடுகட்டுகிறார்கள் என்று கண்டார். மீதி, சாப்பாட்டு வேளையில்தான் நிரம்புகிறது. கடும் உழைப்பில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலேயே வியர்வை போகலாம். எனவே கால் மணிக்கு, இருபது நிமிடத்துக்கு ஒரு தம்ளர் என்ற கணக்கில் குடித்துக்கொண்டே இருப்பதுதான் முறை. ஒரேயடியாகவும் குடிக்கக் கூடாது. மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் ரத்தத்தின் உப்பு நீர்த்துப்போய் அதுவே ஆபத்தாகும். மணிக்கணக்கில் வியர்த்தால் உப்பும் சேர வேண்டும். ஓஆர்எஸ் பொட்டலம் சிறந்தது. கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். வளைகுடாக் கடைகளில் எங்கும் கிடைக்கும் 'லபன்' நம் மோரேதான், கொஞ்சம் கெட்டி. அதில் தண்ணீர் விட்டு உப்புப் போட்டுக்கொண்டால் ஊர் மோர் ஆகிவிடும். சுலைமானி, அதாவது பால் விடாத டீ, குடித்தால் நீர் வற்றிவிடும் என்று பயப்பட வேண்டாம், அளவோடு குடித்தால் அதுவும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும். எனர்ஜி டிரிங்க் டப்பாவை நம்பி வெயிலில் இறங்குவதுதான் தப்பு.

சைட்டில் பலர் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைப்பதைப் பார்த்திருக்கிறேன். கழிப்பறை தூரம், பத்தாவது மாடியிலிருந்து இறங்கிப் போய்வர வேண்டும், போர்மேன் முகம் சுளிப்பார். அன்றைக்கு ஒன்றும் ஆகாது, நீர்க்கடுப்போடு போய்விடும். வருடக்கணக்கில் அப்படி உடம்பை வற்றவிட்டு உழைத்தால் சிறுநீரகம் கெடும். மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களிடமும், வளைகுடாவிலிருந்து திரும்பிய நேபாளிகளிடமும் மருத்துவர்கள் கவலையோடு கவனித்துவரும் விஷயம் இது. சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் சரி. தேயிலைத் தண்ணீர் நிறத்துக்குப் போனால் அன்றைக்கு உடம்பு கடனில் ஓடுகிறது.

இனி நான் மிகவும் சொல்ல விரும்புவது. வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பழகிய உடம்பு சீக்கிரம் வியர்க்கும், அதிகம் வியர்க்கும், உப்பைக் குறைவாக விடும், இதயம் நிதானமாகத் துடிக்கும். பழகாத உடம்புக்கு இது எதுவும் கிடையாது. திறந்தவெளியில் வெப்பத்தால் நேரும் தொழிலாளர் மரணங்களில் பாதிக்கு மேல் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களில் நடப்பவை என்கிறது அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பு. அதனால் புதியவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலைதான் தர வேண்டும், பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் கூட்டலாம் என்பது அங்கே பரிந்துரை. நம் ஆட்களுக்கு இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பத்து வருட அனுபவசாலியும் இரண்டு மாதம் ஊரில் லீவு முடித்து வந்தால் புது ஆள்தான். பழக்கம் சில வாரத்தில் கரைந்துவிடும்.

என் அறைத்தோழர் ஒருவர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ஸ்டீல் பிக்ஸர், தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டு ஆகஸ்ட் நடுவில் திரும்பினார். மூன்றாம் நாள் காலை பத்தரை மணி. கம்பியை எடுத்துத் தவறான இடத்தில் வைத்தாராம். சொன்னதும் எரிந்து விழுந்தாராம். அவர் கோபப்படுகிற ஆளே இல்லை. பிறகு யாரிடமோ பேசுவதுபோல ஊரிலுள்ள மாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறார். போர்மேன், தூக்கக் கலக்கம் என்று நினைத்தார். கூட வேலை செய்த ராமநாதபுரத்துத் தம்பிதான் "அண்ணே, என்னைப் பாருங்க, என் பேர் என்ன?" என்று கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை. நிழலுக்கு இழுத்துப்போய், பூட்ஸைக் கழற்றி, கூலரிலிருந்த தண்ணீரை முழுக்க மேலே கொட்டி, அட்டையால் விசிறிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். உடம்பெல்லாம் வியர்வையாகத்தான் இருந்ததாம். "வேர்க்குதே, அப்ப ஒண்ணும் இல்ல" என்று ஒருவர் சொன்னாராம்.

அந்த நம்பிக்கை பலரிடம் இருக்கிறது, அது உயிரைக் குடிக்கும். வியர்வை நின்று தோல் காய்வது, வீட்டுக்குள் வெப்பத்தில் கிடக்கும் முதியவர்களிடம் அதிகம் காணும் அறிகுறி. உழைக்கிறவர்களிடம் வியர்வை கொட்டிக்கொண்டிருக்கும்போதே வெப்பத்தாக்கு வரும். பார்க்க வேண்டியது மூளையை. பேச்சுக் குழறுகிறதா, தள்ளாடுகிறாரா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறாரா, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறாரா? அப்படியானால் உள்ளுடம்புச் சூடு 40 டிகிரியைத் தொட்டிருக்கலாம். தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு மட்டும் இருந்து புத்தி தெளிவாக இருந்தால் அது வெப்பக் களைப்பு. நிழலும் ஓய்வும் உப்புத் தண்ணீரும் கொடுத்துப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். புத்தி தடுமாறிவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

அப்போது உடனே ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அமீரகத்தில் 998, சவூதியில் 997, குவைத்தில் 112, கத்தாரிலும் பஹ்ரைனிலும் 999, ஓமானில் 9999. மற்றவர்கள் அது வரும்வரை காத்திருக்காமல் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். மருத்துவர்கள் சொல்வதும் முதலில் குளிர்வி, பிறகு கொண்டுபோ என்பதுதான். ஐஸ் தண்ணீரில் கழுத்துவரை அமிழ்த்துவதைவிட நல்ல வழி இல்லை. சைட்டில் தொட்டி இருக்காது, தார்ப்பாய் இருக்கும். நாலு பேர் நாலு மூலையைத் தூக்கிப் பிடித்து, நடுவில் ஆளைக் கிடத்தி, தலையை ஒருவர் மேலே தாங்கிக்கொள்ள, தண்ணீரும் ஐஸும் கொட்டி அலசலாம். அதுவும் முடியாவிட்டால் உடம்பு முழுக்க நனைத்து விசிறி, கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வைக்கலாம். நினைவு தவறியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். இது காய்ச்சல் இல்லை என்பதால் பாராசிட்டமால் கேட்காது, கெடுதலும் செய்யலாம். என் அறைத்தோழர் பிழைத்தார். அந்தத் தம்பி பேர் கேட்டதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

உடை விஷயத்தில் பாலைவன மக்களிடம் கற்க நிறைய இருக்கிறது. பதூயின்கள் சிலர் வெயிலில் கறுப்பு அங்கி போடுவது ஏன் என்று ஆராய்ந்த ஒரு கட்டுரை 1980இல் வந்தது. கறுப்புத் துணி அதிகச் சூட்டை இழுப்பது உண்மைதான், ஆனால் தளர்ந்த அங்கிக்குள் ஓடும் காற்று அந்தச் சூட்டைத் தோலைத் தொடுமுன் வெளியேற்றிவிடுகிறது என்று கண்டார்கள். நிறத்தைவிடத் தளர்வு முக்கியம். கை கால் மூடிய, தொளதொளப்பான பருத்தி உடைதான் பாலைவனத்துக்கு ஏற்றது. வெயில் சுள்ளென்று அடிக்கையில் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்பவர்கள் சூட்டை நேராகத் தோலில் வாங்கிக்கொள்கிறார்கள்.

பாலைவனச் சாலையில் வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்கக் கூடாது. அதன் நிழலில் இருங்கள். தேடுகிறவர்களுக்குத் தனி மனிதனைவிட வண்டி சீக்கிரம் தென்படும். தண்ணீரை மிச்சம் பிடிப்பதைவிட வியர்வையை மிச்சம் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் சூடு பத்து டிகிரிக்கு மேல் ஏறும் என்பதால் குழந்தையை ஒரு நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகக் கூடாது. இன்சுலினும் அங்கே கிடக்கக் கூடாது. ரத்தக்கொதிப்புக்கு நீர் பிரியும் மாத்திரையோ, சளி, அலர்ஜிக்கு மாத்திரையோ எடுப்பவர்கள் கோடைக்கு முன் மருத்துவரிடம் ஒருமுறை பேசிவிடுவது நல்லது. சில மருந்துகள் வியர்வையையே குறைத்துவிடும். தானாக நிறுத்திவிடவும் கூடாது.

பகலில் பட்ட சூட்டை உடம்பு ராத்திரியில்தான் இறக்கி வைக்கிறது. 2018 ஜூன் 26 அன்று ஓமானின் குரியாத்தில் இரவிலும்கூட வெப்பம் 42.6 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. இப்படிப்பட்ட ஊரில் லேபர் கேம்ப் ஏசி ஓர் இரவு ஓடாவிட்டால் அடுத்த நாள் சைட்டில் ஆள் விழுவார். தூங்கவில்லை என்றால் போர்மேனிடம் சொல்லுங்கள். அதுவும் ஒரு சேஃப்டி விஷயம்தான்.

சட்டங்கள் இருக்கின்றன. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது, மீறினால் ஆளுக்கு 5,000 திர்ஹம் அபராதம். சவூதியில் 12 முதல் 3 வரை. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, 11 முதல் 4 வரை. இவை பல உயிர்களைக் காத்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் இவை கடிகாரத்தைப் பார்த்து எழுதிய சட்டங்கள். என் அறைத்தோழர் விழுந்தது காலை பத்தரைக்கு. கத்தார் 2021இல் ஒரு படி மேலே போனது. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை 10 முதல் 3.30 வரை தடை. அதோடு ஈரம், வெயில், காற்று மூன்றையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால், மணி என்னவானாலும் வேலையை நிறுத்த வேண்டும். அந்த அளவில் ஈரக்குமிழுக்கு மட்டும் 70 சதவீத எடை, வெறும் காற்று வெப்பத்துக்குப் பத்தே சதவீதம். மண்பானைக் கணக்கை ஏற்றுக்கொண்ட சட்டம் இது. மற்ற நாடுகளும் இதற்கு வர வேண்டும்.

இதில் அவசரம் இருக்கிறது. 2009 முதல் 2017 வரை கத்தாரில் இதயக் கோளாறால் இறந்ததாகப் பதிவான 571 நேபாளத் தொழிலாளர்களைப் பற்றி 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. வெப்பப் பாதுகாப்பு ஒழுங்காக இருந்திருந்தால் அவர்களில் 200 பேர்வரை பிழைத்திருக்கலாம் என்றது அது. 'இயற்கை மரணம்', 'மாரடைப்பு' என்று எழுதிய சான்றிதழோடு வந்த பெட்டிகளை நம் ஊர்களும் பார்த்திருக்கின்றன. முப்பது வயதுக்காரர் ஆகஸ்டில் மாரடைப்பில் போனார் என்றால், அன்றைக்கு ஈரக்குமிழ் எவ்வளவு இருந்தது என்று கேட்க வேண்டும்.

அரபுகள் ஆகஸ்ட் 24 வாக்கில் விடியலுக்கு முன் தென்கிழக்கே சுஹைல் நட்சத்திரத்தைத் தேடுவார்கள். நாம் அகத்தியர் நட்சத்திரம் என்று சொல்வது அதைத்தான். அது தெரிந்தால் வெயிலின் கொடுமை தணியத் தொடங்கும் என்பது வழிவழி வந்த கணக்கு. ராத்திரிகள் கொஞ்சம் இளகுவது நிஜம்தான். ஆனால் கடல் மெதுவாகத்தான் ஆறும், அதனால் செப்டம்பரிலும் கண்ணாடி பனிக்கும். எங்கள் கட்டடத்தில் கீசர் சுவிட்சை மறுபடி போட நவம்பர் ஆகிவிடும்.